அந்த லேப்டாப்பை ஏன் திறந்தீர்கள்?

சனிக்கிழமை நம் பிள்ளைகளின் ரோபோ போட்டியில் நடந்ததைப் பற்றி, அவர்களுடைய கோச்சாக, எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு பெற்றோர் குழுவில் அந்த ஒரு வரி வந்தது. "நான் ராத்திரி முழிச்சு உட்கார்ந்து ப்ரோக்ராமைச் சரிபண்ணிக் கொடுத்தேன், அதைக்கூட இவங்களுக்கு ஓட்டத் தெரியலை." அதன் கீழே வரிசையாகக் கைகூப்புகள், கட்டைவிரல்கள். பிள்ளைகளுக்காக ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

சரிபண்ணிக் கொடுத்தீர்களா? உங்களிடம் யார் கேட்டது?

சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவருவதற்காகத்தான் லேப்டாப் உங்கள் வீட்டுக்கு வந்தது. நீங்கள் அழித்த அந்த நாலு வரி எதற்காக இருந்தது தெரியுமா? முதல் மிஷனை, அதாவது மேசையில் ரோபோ செய்ய வேண்டிய முதல் வேலையை, முடித்ததும் ரோபோ பின்னால் வந்து மேசையின் சுவரில் முட்டும். முட்டினால் நேராகிவிடும், அதுவரை சேர்ந்த கோணல் அங்கேயே கழிந்துவிடும். உங்களுக்கு அது நேர விரயமாகத் தெரிந்திருக்கிறது. எடுத்துவிட்டு எல்லாத் திருப்பங்களையும், ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஜைரோவை நம்பி எழுதிவிட்டீர்கள். ஜைரோ நல்ல சென்சார்தான். ஆனால் பூஜ்யம் ஆக்கிய கணத்தில் ரோபோ எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ, அதைத்தான் அது நேர் என்று நம்பும். நாலு பக்கமும் சத்தத்துக்கு நடுவில், நடுங்கும் கையால் வைக்கும்போது ரோபோ ஒரு நூல் கோணலாகத்தான் நிற்கும். இது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு வாரம் தோற்றுத் தோற்றுத்தான் சுவரில் முட்ட வைக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள்.

அந்த ப்ரோக்ராமை எழுதியவளுக்குப் பதின்மூன்று வயது. 56 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 17.6 செ.மீ. போகும் என்று கணக்கு போட்டாள். அதோடு விடாமல் மேசை விரிப்பின் மேல் பத்துச் சுற்று ஓடவிட்டு, அளந்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதி வைத்தாள். சனிக்கிழமை முதல் ரவுண்டில் ரோபோ இரண்டாவது மிஷனைத் தாண்டி எங்கோ போனது. மூன்று தடவை கையால் தூக்கினார்கள். அப்படித் தூக்கும் ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பெண்ணுள்ள ஒரு டோக்கன் போகும்; ஆறு டோக்கனில் மூன்று போயிற்று. ரவுண்ட் முடிந்து ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தாள். அந்த வரிகளைக் காணவில்லை. தானே தெரியாமல் அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அப்படியே ஜட்ஜ்களின் அறைக்குள் போனாள். ரோபோவில் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். நாற்பது பக்கம் எழுதிய பிள்ளை, நோட்டைத் திறக்கக்கூட இல்லை.

"மூன்றாவது ரவுண்ட் நன்றாகத்தானே போனது, மூன்றில் அதிகபட்ச மதிப்பெண்தானே கணக்கு" என்று சிலர் சொல்வீர்கள். ஆமாம், போனது. நோட்டைப் பார்த்து அவளே திரும்ப எழுதியதால் போனது. நாம் போன ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் மேசை மேல் ஓடும் இரண்டரை நிமிடம் ஒரு பங்குதான். ஜட்ஜ்கள் முன்னால் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த அறையில் போனதை எந்த ரவுண்ட் திருப்பித் தரும்?

"எல்லா அணியிலும் பெரியவர்கள்தான் செய்கிறார்கள், நாம் மட்டும் யோக்கியம் பார்த்தால் தோற்போம்." இதைச் சொன்னவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. பக்கத்து மேசையில் ஒரு ரோபோ பிரமாதமாக ஓடியது. எங்கள் பையன் ஆசையாகப் போய், கோட்டிலிருந்து விலகாமல் எப்படி ஓடுகிறது என்று கேட்டான். அந்தப் பையன் "அங்கிளுக்குத்தான் தெரியும்" என்றான். உங்களுக்கு வேண்டிய வெற்றி இதுதானா? வேலையைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும், கோச் வழிகாட்டலாம், அவ்வளவுதான். இன்னொரு போட்டியான உலக ரோபோ ஒலிம்பியாட்டிலும் போட்டி நடக்கும்போது கோச் எதுவும் சொல்லித்தரக் கூடாது. ஒரு நாள் முழுக்க நம்மை வெளியே நிறுத்துகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் இதைச் செய்யாதவன் இல்லை. கோச்சாக இருந்த முதல் வருடம், ஒரு பையன் செய்த, ரோபோவில் மாட்டும் அட்டாச்மென்ட் அடிக்கடி கழன்றது. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனதும் நானே பிரித்து வேறு மாதிரி கட்டி வைத்தேன். என்னுடையது கழலவில்லை. மறுநாள் காலையில் அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாருக்கு சார்" என்றான். அடுத்த வருடம் அவன் பெயர் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, படிப்பு இருக்கிறது என்றான். அது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அன்றைக்கு அதைக் கழலவிட்டிருக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தார் என்கிறீர்கள். இருக்கட்டும். எண்ணம் நல்லதென்றால் காலையில் ஒரு வார்த்தை, "இதை மாற்றினேன் பாப்பா, பார்த்துக்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை. முதல் வாரமே என்னிடம் கேட்டது இதே குரல்தான்: "பொண்ணு ப்ராஜெக்ட் சார்ட் எழுதட்டுமே சார், கோடிங்கைப் பசங்க பார்த்துப்பாங்க." அன்றைக்குச் சிரித்து மழுப்பினேன். மழுப்பியிருக்கக் கூடாது. ஒரு பையன் எழுதிய ப்ரோக்ராமாக இருந்தால் கேட்காமல் கை வைத்திருப்பீர்களா? நேற்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குழுவில் வந்த செய்தியை அவள் அம்மா அவளிடம் காட்டவில்லையாம். அவள் நோட்டில் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். "ரவுண்ட் 1. காரணம்: நான் சேவ் பண்ணும்போது தப்பு பண்ணிட்டேன்."

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி இருக்கிறது. நானே அவளிடம் சொல்லிவிடலாம்தான், சொல்லப் போவதில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். நோட்டை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.