ஹார்ன் மட்டும்தான், தம்பி

திருச்சியில் ஒரு கார் சர்வீஸ் சென்டர். ஏசி அறை, இலவசக் காபி. (எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை.) மேஜைக்கு அந்தப் பக்கம் டேப்லெட்டுடன் சர்வீஸ் அட்வைசர். இந்தப் பக்கம் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ராஜகோபால்.

அட்வைசர்: சொல்லுங்க சார், என்ன கம்ப்ளைன்ட்?

ராஜகோபால்: ஹார்ன் அடிக்கவில்லை.

அட்வைசர்: வேறு?

ராஜகோபால்: ஹார்ன் மட்டும்தான், தம்பி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வழியாக ஹார்ன் இல்லாமல் வந்திருக்கிறேன். தலையை வெளியே நீட்டி நானே கத்திக்கொண்டு வந்தேன்.

அட்வைசர்: கவலையை விடுங்க சார். ஜாப் கார்டு போட்டுவிடலாம். ஹார்ன் செட் 1,450. வயரிங் செக்கப் 750. ஏசி கிருமி நீக்கம் 1,200.

ராஜகோபால்: ஏசிக்கும் ஹார்னுக்கும் என்ன உறவு?

அட்வைசர்: ரெண்டும் ஒரே காரில்தானே சார் இருக்கு?

ராஜகோபால்: நானும்தான் அதே காரில் வந்தேன். எனக்கும் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

அட்வைசர்: அலைன்மென்ட், பேலன்சிங் 1,100.

ராஜகோபால்: எனக்கா?

அட்வைசர்: சக்கரத்துக்கு சார். அப்புறம் கன்ஸ்யூமபிள்ஸ் 200. துணி, கிரீஸ், ஸ்ப்ரே, அந்த மாதிரி.

ராஜகோபால்: ஹார்னுக்குக் கிரீஸா?

அட்வைசர்: சிஸ்டத்தில் தானாக வருது சார். எடுக்க முடியாது.

(சிஸ்டத்தோடு வாதாடி ஜெயித்தவர் இன்னும் பிறக்கவில்லை.)

அட்வைசர்: மொத்தம் 4,700. ஜிஎஸ்டி 18 சதவீதம், 846. ஆக 5,546 சார்.

ராஜகோபால்: பார்ட்ஸுக்கு 28 சதவீதமாக இருந்த வரியை 2025 செப்டம்பர் 22லிருந்து 18 ஆக்கினார்களே, பேப்பரில் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

அட்வைசர்: ஆமாம் சார், உங்களுக்கு லாபம்தான்!

ராஜகோபால்: வரி எழுந்து போன இடத்தில் கிரீஸ் வந்து உட்கார்ந்துகொண்டதே. சரி, ஃபியூஸைப் பார்த்தீர்களா?

அட்வைசர்: டெக்னீஷியன் பார்ப்பார் சார். சாப்பிடப் போயிருக்கார்.

ராஜகோபால்: பானெட்டைத் திறங்கள்.

(திறக்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியில் ஒன்றை லாவகமாகப் பிடுங்குகிறார். எத்தனையோ வீடுகளில் பிடுங்கிய கை.)

ராஜகோபால்: பாருங்கள், 15 ஆம்பியர், நீலம். உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

அட்வைசர்: (போனில் பேசிவிட்டு) ஸ்டோரில் நீலம் இல்லையாம் சார். பச்சை, 30 ஆம்பியர் இருக்காம். போட்டுவிடலாமா?

ராஜகோபால்: தாராளமாக. ஃபியூஸ் போகாது, வயர் எரியும். அப்போது உங்கள் 750 ரூபாய்க்கும் நியாயம் கிடைத்துவிடும். மூடிக்கு அடியில் பாருங்கள், கம்பெனிக்காரனே ஸ்பேர் வைத்திருப்பான்.

(இருக்கிறது. மாட்டுகிறார். ஹார்ன் அலறியதில் கேன்டீனிலிருந்து டெக்னீஷியன் எட்டிப் பார்க்கிறார்.)

அட்வைசர்: ஆனா ஃபியூஸ் சும்மா போகாதே சார்?

ராஜகோபால்: அப்படிக் கேளுங்கள்! போன வாரம் இங்கேதானே இன்ஜினுக்கு 400 ரூபாய்க்குப் பிரஷர் வாஷ் அடித்தீர்கள்? ஹார்னுக்குள் தண்ணீர் போயிருக்கும்.

அட்வைசர்: அது இன்ஜின் வாஷ் சார். ஹார்ன் அதில் கவர் ஆகாது.

ராஜகோபால்: தண்ணீரிடம் சொன்னீர்களா?

அட்வைசர்: சரி சார், வேறெதுவும் வேண்டாம். இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் 300 மட்டும்...

ராஜகோபால்: இன்ஸ்பெக்‌ஷன் செய்தது யார்?

அட்வைசர்: ...விட்டுடலாம் சார். ஒரே ஒரு உதவி. நாளைக்குக் கம்பெனியிலிருந்து போன் வரும். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. ஒன்பது சொன்னாலும் என் இன்சென்டிவ் போயிடும்.

ராஜகோபால்: சொல்லிவிட்டால் போகிறது. எழுதிக்கொள்ளுங்கள். போனை எடுக்கக் கூலி 150. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தேடிப் பிடிக்க வேண்டும், அது லேபர் அதிகம், 750. கன்ஸ்யூமபிள்ஸ் 200.

அட்வைசர்: போனில் பேசுறதுக்கு என்ன சார் கன்ஸ்யூமபிள்ஸ்?

ராஜகோபால்: எச்சில், தம்பி.