பட்டினியைத் தவம் என்று சொல்லாதீர்கள்

வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைக் கூட்டத்தில் நீங்கள் பேசிய பேச்சைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன், ஐயா. இன்று காலை அந்தப் பேச்சின் காணொளியை மறுபடி ஒருவர் பகிர்ந்திருக்கிறார். கீழே இதயங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சரி, எழுதிவிடுகிறேன்.

அலாஸ்கா காட்டுக்குள் தனியாகப் போய்ச் செத்துப்போன அமெரிக்க இளைஞன் கிறிஸ் மெக்கன்ட்லெஸைப் பற்றிப் பேசியது பிரச்சினை இல்லை. "அவன் செத்தது ஒரு தவம், அம்மாவின் சோற்றைத் தின்றுகொண்டு பிளாட்டுக்குள் கிடக்கிற உங்களுக்கு அது விளங்காது" என்று முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னீர்களே, அதுதான் பிரச்சினை. அந்த வரிசையில் என் மகனும் இருந்தான்.

அது தவம் இல்லை. பட்டினி.

படிப்பை முடித்த கையோடு 24,000 டொலர் சேமிப்பை ஒக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவன். அந்த மனதைக் கும்பிடுகிறேன். ஆனால் 1992 ஏப்ரலில் அலாஸ்கா காட்டுக்குள் அவன் கொண்டுபோனது நாலரைக் கிலோ அரிசி. ஜூலையில் அவன் திரும்பி வரப் புறப்பட்டான். இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை? போகும்போது கடந்த டெக்லானிகா ஆறு பெருகி நின்றது. ஒரு மைலுக்குள்ளேயே ஆற்றைக் கடக்கக் கம்பியில் ஓடும் கூடை ஒன்று இருந்தது. விவரமான வரைபடம் கையில் இல்லை, அது தெரியாமல், காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த, தான் தங்கியிருந்த பழைய பஸ்ஸுக்கே திரும்பிவிட்டான். உடலை எடுத்தபோது 30 கிலோ அளவுதான். வயது 24. நான் தனியாக இருக்கிறேன், இது விளையாட்டில்லை, கடவுளின் பெயரால் காப்பாற்றுங்கள் என்று எழுதி வைத்திருந்தான். தவத்தில் இருப்பவன் எழுதுகிற கடிதமா அது?

"அப்போ ஒருவரும் வீட்டை விட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். போகட்டும். வரைபடத்தோடு, இன்ன இடத்துக்குப் போகிறேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும். "பேச்சுத்தானே, அதில் என்ன?" என்றும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அந்த பஸ்ஸைப் பார்க்கப் போன இரண்டு பெண்கள், 2010இல் ஒருவர், 2019இல் ஒருவர், அதே ஆற்றில் செத்துப்போனார்கள். 2020இல் ஹெலிகொப்டரில் பஸ்ஸையே தூக்க வேண்டி வந்தது.

அவன் சுட்ட மூஸ் மான் பழுதாகிப் புழு வைத்தது. ஏன் சுட்டோம் என்று நொந்து எழுதியிருக்கிறான். வன்னியில் என் மாமா பன்றி இறைச்சியை விரல் தடிப்பில் கீற்றுக் கீற்றாக அரிந்து, உப்பு மஞ்சள் பிரட்டி, புகையில் வாட்டி வத்தல் போடுவார். அவருக்கு அதைத் தகப்பன் காட்டிக்கொடுத்தார். காட்டில் ஒருவரும் தனியாகப் பிழைத்ததில்லை.

எங்களுக்கும் காடு தெரியும் ஐயா. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் அடி அடியாக நகர்ந்தோம். மழை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து அம்மா தண்ணீர் சேர்த்தா. ஒரு பிஸ்கற்றை நாலாக உடைத்தா. நாங்கள் நாலு பிள்ளைகள். அம்மாவுக்கு என்று ஐந்தாவது துண்டு இல்லை. அதைத் தவம் என்று ஒருவரும் மேடையில் பேசவில்லை, பேசவும் வேண்டாம். ஆனால் அந்த அம்மா போடுகிற சோற்றைக் கேவலமாகப் பேச உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

கூட்டம் முடிந்து வந்த இரவு மகன் சாப்பிடவில்லை. தானும் ஒரு மாதம் போன் இல்லாமல் சிங்கராஜாக் காட்டுக்குள் போய் இருக்கப் போகிறானாம். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். "எங்கே போறான்?" என்று இரண்டு தரம் கேட்டா. சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய், கட்டிலுக்குக் கீழே இன்னமும் கட்டி வைத்திருக்கிற பையிலிருந்து ஒரு பிஸ்கற் பக்கற்றை எடுத்து வந்து அவன் கையில் வைத்தா.