அக்சரா வாஷியா என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்

உள்ளூரில் கிரிக்கெட் டெஸ்ட் தொடர் வருகிறது என்று தெரிந்தால் போதும், என் போனில் இருக்கும் அத்தனை வாட்ஸப் குழுக்களும் தேர்வுக் குழுவாகிவிடுகின்றன. காலையில் பெரியப்பா குடும்பக் குழுவில் ஒரு அணியைப் போடுவார். நாம் பல் துலக்கி முடிப்பதற்குள் அவர் மகனே அதில் நாலு பேரைத் தூக்கிவிட்டு வேறொன்று போடுவான். மதியத்துக்குள் ஆபீஸ் குழு, பள்ளி நண்பர்கள் குழு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்பதற்காக ஆரம்பித்த அபார்ட்மெண்ட் குழு, எங்கு பார்த்தாலும் பதினோரு பெயர்கள். ஒருவர் 'என் ப்ளேயிங் லெவன்' என்று அனுப்பிய பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கீழே நெருப்புப் படம் போட்டுப் பாராட்டியவர்களில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட இங்கே வருகிறது. பட்டியல் போடட்டும், காசா பணமா. ஆனால் எந்தக் கணக்கில் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஸ்பின் ஆல்ரவுண்டராக அக்சர் படேலா, நம்ம ஊர் 'வாஷி' வாஷிங்டன் சுந்தரா? ஸ்பின்னர் குல்தீப் உள்ளேயா வெளியேயா? எத்தனை ஆல்ரவுண்டர்? எட்டாவது இடம் வரை பேட்டிங் இருக்கிறதா? இதைத் தாண்டி ஒரு கேள்வி வருகிறதா என்று பாருங்கள். வராது. பந்து சுழல ஆரம்பித்ததும் எதிரணி ஸ்பின்னரை நம் ஆட்களில் யார் நின்று ஆடப்போகிறார்கள்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏனென்றால் இந்தியர்களுக்கு ஸ்பின் ஆட வரும் என்பது நமக்கு வேதவாக்கு.

சாமி, கொஞ்சம் ஸ்கோர்கார்டைத் திறந்து பாருங்கள். 2012இல் இங்கிலாந்து ஸ்பின்னர்கள் ஸ்வானும் பனேசரும் வந்து நம்மை நம் மண்ணிலேயே தோற்கடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 18 உள்ளூர்த் தொடர்களை வென்றோம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றிகளுக்கு நடுவிலேயே மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. 2017இல் புனேயில் ஆஸ்திரேலிய ஸ்பின்னர் ஓகீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார், நாம் 105க்கும் 107க்கும் சுருண்டோம். 2023இல் இந்தூரில் தன் இரண்டாவது டெஸ்டையே ஆடிய ஆஸ்திரேலியாவின் குனமன் 16 ரன்னுக்கு ஐந்து விக்கெட், அடுத்த இன்னிங்ஸில் லயன் எட்டு. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் அறிமுக டெஸ்ட் ஆடிய இங்கிலாந்தின் ஹார்ட்லி இரண்டாவது இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்தார். ஒவ்வொரு முறையும் தொடரை எப்படியோ ஜெயித்துவிட்டதால் 'ஒரு டெஸ்ட்தானே, போகட்டும்' என்று கடந்து போனோம்.

அப்புறம் 2024 அக்டோபரில் நியூசிலாந்து வந்தது. பெங்களூரில் 46க்கு ஆல் அவுட் ஆனதை மேகமூட்டத்தின் மேலும் வேகப்பந்தின் மேலும் போடலாம், சரி. புனேயில் ஸ்பின்னர் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தாரே, அதை எதன் மேல் போடுவது? அதுவரை டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில்கூட ஐந்து விக்கெட் எடுத்திராத மனிதர் அவர். மும்பையில் 147 ரன் இலக்கு. பந்த் 64 அடித்தும் 121இல் முடிந்தது கதை. அஜாஸ் படேல் 11 விக்கெட். சொந்த மண்ணில் மூன்றுக்கு மூன்று தோற்ற அணி என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி எங்கள் குழுவில் நடந்த விவாதம் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? குல்தீப்பை ஏன் உட்கார வைத்தார்கள் என்பது பற்றி. புனேயில் குல்தீப்புக்குப் பதிலாக வந்த வாஷிங்டன் முதல் இன்னிங்ஸில் 59க்கு ஏழு, மொத்தமாக 11 விக்கெட் எடுத்திருந்தார். பந்துவீச்சில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 259க்கு எதிரணியைச் சுருட்டிக் கொடுத்த பிறகு 156க்கு ஆல் அவுட் ஆனது யார்? அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. தோற்றது பேட்டிங், தூக்குத்தண்டனை பவுலருக்கு.

சரி, அதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தா டெஸ்டுக்கு நம் அணியில் ஜடேஜா, அக்சர், குல்தீப், வாஷிங்டன் என்று நான்கு ஸ்பின்னர்கள். பட்டியல் வெளியானதும் குழுவில் ஒரே கொண்டாட்டம். 'எட்டாவது ஆள் வரை அடிப்பாங்க, யாராலயும் அசைக்க முடியாது.' அந்தப் பதினோரு பேரில் இடது கை பேட்ஸ்மேன்கள் எத்தனை பேர் என்று யாராவது பார்த்தார்களா? ஆறு பேர். ஜெய்ஸ்வால், வாஷிங்டன், பந்த், ஜடேஜா, அக்சர், குல்தீப். எதிரே நிற்பவர் சைமன் ஹார்மர், 36 வயது ஆஃப் ஸ்பின்னர். சுழலும் பிட்சில் ஆஃப் ஸ்பின்னரின் வெளியே திரும்பும் பந்தை ஆடுவதுதான் இடது கைக்காரருக்குத் தலைவலி என்று கான்கிரீட் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையனுக்குக்கூடத் தெரியும். ஹார்மர் 30க்கு நாலு, 21க்கு நாலு. 124 ரன் இலக்குக்கு நாம் 93. கேப்டன் கில் கழுத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார், அது துரதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் இருந்தவர்கள் ஆடியதும் ஆட்டமா?

இதில் வாஷிங்டனின் கதை தனிக் கூத்து. மூன்றாம் இடத்தில் இறக்கினார்கள். 29, 31 என்று அந்த பிட்சில் உருப்படியாகவே ஆடினார், இரண்டாவது இன்னிங்ஸில் அவர்தான் அதிக ரன். ஆனால் அந்த டெஸ்ட் முழுக்க அவர் வீசியது ஒரே ஒரு ஓவர். அதாவது நான்காவது ஸ்பின்னர் என்று எடுத்தவர் ஸ்பின்னரே இல்லை. அடுத்த டெஸ்ட் கவுகாத்தியில், அதே ஆள் எட்டாம் இடத்தில். மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குச் சமையல்காரனாகவும் அடுத்த பந்திக்கு இலை எடுப்பவனாகவும் ஒரே ஆளை நிறுத்துவது மாதிரி. இதற்கும் நம் ஊர் ஆட்கள் கைதட்டினார்கள். மூன்றில் இறங்கினால் 'நம்ம பையன் மேல நம்பிக்கை', எட்டில் இறங்கினால் 'நம்ம பையன் எங்க இறக்கினாலும் ஆடுவான்'.

கவுகாத்தியைப் பற்றி யாரும் பிட்சைக் குறை சொல்ல முடியாது. அங்கே தென்னாப்பிரிக்கா 489 அடித்தது. நாம் 95க்கு ஒன்று என்று இருந்துவிட்டு 122க்கு ஏழு ஆனோம். வேகப்பந்து வீச்சாளர் யான்சன் பெரும்பாலும் எகிறு பந்து போட்டே ஆறு பேரை எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் மறுபடி ஹார்மர், அவரும் ஆறு. 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. ரன் கணக்கில் இந்தியா டெஸ்டில் கண்ட மிகப் பெரிய தோல்வி இதுதான். 'பேட்டிங் டெப்த், பேட்டிங் டெப்த்' என்று ஒரு வருஷமாக மந்திரம் ஓதினோமே, அந்த ஆழத்தில் முங்கித்தான் செத்தோம். எட்டாவது ஆள் அடிப்பான் என்ற தைரியத்தில் மூன்றாவது ஆளைத் தேடாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

மூன்றாம் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட், பிறகு புஜாரா என்று இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த இடத்தைப் பற்றி நாம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2025 இங்கிலாந்துத் தொடரில் முதல் டெஸ்டில் சாய் சுதர்சன், பிறகு கருண் நாயர், பிறகு மறுபடி சாய். உள்ளூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக சாய், கொல்கத்தாவில் வாஷிங்டன், கவுகாத்தியில் மறுபடி சாய். பேருந்து நிறுத்தத்தில்கூட ஆட்கள் இதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார்கள்.

இதில் ரசிகர்களுக்குப் பங்கில்லையா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. கருண் நாயர் விஷயத்தைச் சொல்கிறேன். 2016இல் நம் சேப்பாக்கத்தில் 303 அடித்து ஆட்டமிழக்காமல் வந்தவர். அடுத்த டெஸ்டில் ரஹானே திரும்பியதும் வெளியே. பிறகு வருஷக்கணக்காகக் காணாமல் போய், 2024-25இல் உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் விதர்பாவுக்கு 863 ரன் குவித்துத் திரும்பி வந்தார். 2025 மே மாதம் எங்கள் குழுவில் எல்லாரும் அவருக்காகக் கண்ணீர் விட்டார்கள். 'இதுதான் கிரிக்கெட்டின் அழகு' என்று ஒருவர் பத்தி பத்தியாக எழுதினார். ஆகஸ்ட் மாதம் அதே ஆள், அதே விரலால், 'இவனை யாருய்யா எடுத்தது?' என்று கேட்டார். எட்டு இன்னிங்ஸில் 205 ரன் போதாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாதத்தில் கோயில் கட்டி இடிக்கும் நம் வேகம் இருக்கிறதே, அதற்கு ஈடு கொடுக்க எந்த பேட்ஸ்மேனாலும் முடியாது.

சர்ஃபராஸ் கானுக்கு நேர்மாறு. அறிமுக டெஸ்டில் ராஜ்கோட்டில் 62, 68. பெங்களூரில் அந்த 46 ஆல் அவுட்டுக்கு அடுத்த இன்னிங்ஸில் 150. அந்தத் தொடர் முடிந்ததோடு ஆளையே காணோம். ஸ்பின்னைக் காலை எடுத்து வைத்து ஆடத் தெரிந்த ஒருவரைப் பற்றி நம் ஆட்கள் பேசியது அவருடைய எடையைப் பற்றித்தான். கிலோ கணக்குச் சொல்லும் மாமாக்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இப்படிப் பேசுகிறவர்களில் ரஞ்சி ஆட்டம் ஒன்றையாவது ஒரு செஷன் பார்த்தவர் எத்தனை பேர்? கோவையிலும் சேலத்திலும் நத்தத்திலும் தமிழ்நாடு ஆடுகிறது. போய் உட்கார்ந்து பார்க்க ஒரு பைசா செலவில்லை. நிழலில் படுத்திருக்கும் நாயைச் சேர்த்து எண்ணினாலும் கூட்டம் தேறாது. 2023-24 சீசனில் சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்தார், அந்த வருஷம் ரஞ்சியில் அதுதான் முதலிடம். 'யாரு, ஐபிஎல்ல குஜராத்துக்குப் போடுவானே, அவனா?' என்று கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் கோலி ரஞ்சி ஆட வந்தபோது ஆயிரக்கணக்கில் கூட்டம் முண்டியடித்தது. ரயில்வேஸ் பவுலர் ஹிமான்ஷு சங்வான் ஆறு ரன்னில் அவர் ஸ்டம்பைப் பறக்கவிட்டதும் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போய்விட்டது. மிச்ச ஆட்டத்தை யார் பார்ப்பது? அதில்தானே அடுத்த மூன்றாம் நம்பர் இருக்கலாம்?

ஆனால் ஏப்ரல், மே வந்தால் நாற்பது பந்தில் எண்பது அடித்தவன் உடனே டெஸ்ட் அணிக்குத் தகுதியானவன். நாலு ஓவரில் 24 ரன் கொடுத்தவன் அடுத்த அஸ்வின். அஸ்வின் என்றதும் ஞாபகம் வருகிறது. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதர், 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 144க்கு ஆறு விக்கெட் போன நேரத்தில் இறங்கி 113 அடித்து, பிறகு ஆறு விக்கெட்டும் எடுத்தார். அவரையே 'வயசாயிடுச்சு, ஃபீல்டிங் மந்தம்' என்று சொன்னவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். அவர் பிரிஸ்பேனில் தொடருக்கு நடுவே விடை பெற்றதும் அவர்கள்தான் முதல் ஆளாக உடைந்த இதயம் போட்டார்கள்.

அந்த சேப்பாக்கம் பிட்ச் மாதிரிதான் எனக்கு வேண்டும். முதல் நாள் காலை வேகத்துக்குக் கொஞ்சம் உதவும், நடுவில் ஆடத் தெரிந்தவன் ஆடலாம், கடைசியில் சுழலும். அந்த டெஸ்டை 280 ரன்னில் ஜெயித்தோம். 2024இல் இங்கிலாந்தை ஹைதராபாத் தோல்விக்குப் பிறகு அடுத்த நான்கிலும் வீழ்த்தியதும் ஆடக்கூடிய பிட்ச்களில்தான். அங்கே ஜெய்ஸ்வால் இரண்டு இரட்டைச் சதம் அடித்தார், பும்ரா விசாகப்பட்டினத்தில் யார்க்கரால் போப்பைச் சாய்த்தார். முதல் நாளே புழுதி பறக்கும் பிட்சைப் போட்டால் நம் தரமான ஸ்பின்னருக்கும் எதிரணியின் சுமாரான ஸ்பின்னருக்கும் இருக்கும் வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. டாஸும் போனால் முடிந்தது. இதைச் சொன்னால் 'ஹோம் அட்வான்டேஜ் வேண்டாமா ப்ரோ?' என்கிறார்கள். ஹார்மருக்கும் சான்ட்னருக்கும் கொடுத்தோமே, அதற்குப் பெயர் என்ன ப்ரோ?

ஆகவே என் அணியைக் கேட்கிறவர்களுக்கு ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். மூன்றாம் இடத்துக்கு ரஞ்சியில் சுழலை ஆடிக் காட்டிய ஒருவர், ஐந்து டெஸ்டுக்கும் அவரே, நடுவில் இரண்டு முறை சைபர் அடித்தாலும் அவரே. முதல் ஆறு இடத்திலும் பேட்ஸ்மேன்கள், கீப்பரையும் சேர்த்து. ஜடேஜா, அவரோடு இரண்டு ஸ்பின்னர்கள், இருவரும் பந்து போடுவதற்காகவே எடுக்கப்பட்டவர்கள். இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள். வலது கையும் இடது கையும் கலந்து வர வேண்டும். புழுதி பிட்ச் வேண்டாம்.

இதைப் போன வாரம் குடும்பக் குழுவில் அப்படியே எழுதினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா கேட்டார்: "எல்லாம் சரிப்பா, அப்போ அக்சர் எங்க?"