கோழியப் பாத்து வெறும் சோறு திங்கிற சீன்ல பிரியாணி விளம்பரமாடா?

முடியலடா சாமி. ஹைதராபாத்ல ரூம் எடுத்து தங்கியிருக்கேன், ரூம்மேட் ஆந்திரா பீமவரம் பையன், மூணு மாசமா ஒரே நச்சரிப்பு, "அஹ நா பெள்ளண்ட பாக்கலன்னா நீயெல்லாம் என்ன மனுஷன்"னு. 1987ல வந்த தெலுங்கு காமெடிப் படம், ஜந்தியாலா டைரக்‌ஷன். கோடீஸ்வரன் வீட்டுப் பையன் ராஜேந்திர பிரசாத், காதலிச்ச பொண்ணோட அப்பன் ஊரறிஞ்ச கஞ்சன், அவன மடக்க இவன் அந்த கிராமத்துக்கே போயி அவனையே தூக்கி சாப்பிடுற கஞ்சனா நடிக்கிறான். கதையக் கேட்டப்பவே சிரிப்பு வந்துச்சு, சரின்னு நேத்து நைட்டு உக்காந்தேன்.

முதல்ல பிரிண்ட். பழைய சதுரப் படத்த அகலமா இழுத்து வச்சிருக்கான், ராஜேந்திர பிரசாத் மூஞ்சி சப்பாத்தி மாதிரி இருக்கு. அதக்கூட விட்ருவேன், சப்டைட்டில்தான் கொடும. ஆட்டோ கேப்ஷன தமிழுக்கு மாத்தினேன், பிரம்மானந்தத்துக்கு படத்துல பேரு அரகுண்டு, அதாவது அர மொட்ட, இது என்னடான்னா "பாதி வெடிகுண்டு"ன்னு போடுது!! அந்தாளு கஞ்சன்கிட்ட மாட்டிக்கிட்டு மூச்சு விடாம பொலம்பறாரு, கீழ "[இசை]"ன்னு வருது. எங்கய்யா இசை? பிசினாறிக்கு தெலுங்குலயும் பிசினாரிதான், அந்த ஒரு வார்த்தைதான் எனக்கே புரிஞ்சது, அதையும் விட்டுட்டான். ரூம்மேட்டு தரைல உருண்டு சிரிக்கிறான், என்னடா சொன்னாங்கன்னு கேட்டா "அது தெலுங்குல இருந்தாதான் மாமா காமெடி"ங்கிறான். டேய் அதுக்கு எதுக்குடா மூணு மாசம் உயிர வாங்குன.

சரி, வசனமே வேணாத சீன் ஒண்ணு இருக்கே, கோட்டா சீனிவாச ராவ் சீன். நம்ம சாமி படத்துல பெருமாள் பிச்சையா மிரட்டுனாரே, அதே மனுஷன் இதுல கஞ்சன் லட்சுமிபதி. உயிரோட இருக்கிற கோழிய மேல கட்டித் தொங்கவிட்டு, அண்ணாந்து அதப் பாத்துக்கிட்டே வெறுஞ்சோற அள்ளி வாயில போட்டு, கோழிக்கறி திங்கிற மாதிரியே மெல்லுவாரு. கை சோத்துல, கண்ணு கோழில, வாய் கிட்ட போகுது... டப்புனு விளம்பரம். என்ன விளம்பரம்? பிரியாணி ஆர்டர் பண்ணுங்க, அம்பது பர்சென்ட் ஆஃப். அதுவும் ஸ்கிப் பண்ண முடியாத விளம்பரம்!!

ஹீரோ நூறு பேர அடிக்கிற படத்தையெல்லாம் ரிலீஸ் அன்னிக்கே தமிழ்ல டப் பண்ணித் தள்றாங்க, அதுல பேச்சு புரிஞ்சா என்ன புரியலன்னா என்ன, அடிதான. வசனத்துலயே ஓடுற இந்த மாதிரி படத்துக்கு ஒரு நல்ல சப்டைட்டில் போட ஆளில்ல. ஆனா பிரம்மானந்தம் ஸ்டிக்கர் மட்டும் எல்லா குரூப்லயும் ஓடும், மனுஷன் பெரிய ஆளானதே இந்தப் படத்துலதான்னு எவனுக்குத் தெரியும்.

கடைசில பசி தாங்காம அந்த விளம்பரத்துல வந்த பிரியாணியவே ஆர்டர் போட்டேன். லெக் பீஸ் இல்ல.