மரக்கால் யார் கையில்?

நிலத்தைக் குத்தகைக்கு விடுவது வேறு, வாரத்துக்கு விடுவது வேறு. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய மூட்டை வந்தாக வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. அதனால் வாரத்துக்கு விட்டவர் அறுவடை நாளில் களத்துமேட்டுக்கு நேரில் வந்துவிடுவார். என் தாத்தா காய்ச்சலோடு துண்டைப் போர்த்திக்கொண்டு போய் நின்றிருக்கிறார். மரக்காலால் நெல் அளந்து முடியும்வரை வீட்டுக்கு வரமாட்டார்.

கொஞ்ச நாளாக ஈரானின் பழைய வங்கி வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க அந்தக் களத்துமேடுதான் நினைவுக்கு வருகிறது. ஈரான் தன் நாட்டையே வாரத்துக்கு விட்டது. அளக்கும் இடம் மட்டும் லண்டனில் இருந்தது.

1872-ல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, ஜூலியஸ் டி ராய்ட்டர் என்பவருக்கு ஒரு சலுகை, அதாவது தனி உரிமை ஒப்பந்தம், எழுதிக் கொடுத்தார். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைத் தொடங்கிய அதே மனிதர்தான். ரயில் பாதை, சுரங்கம், காடு, பாசனம் என்று நாட்டில் இருந்த எல்லாமே ஏறக்குறைய ஒரே ஆளின் கைக்குப் போனது. உள்நாட்டிலும் எதிர்ப்பு, ரஷ்யாவும் எதிர்த்தது. அடுத்த ஆண்டே ஷா அதை ரத்து செய்தார். ராய்ட்டர் விடவில்லை. பல ஆண்டுகள் இழுத்தடித்து, அதற்கு ஈடாக 1889 ஜனவரியில் வேறொரு சலுகையை வாங்கினார். அப்படிப் பிறந்ததுதான் இம்பீரியல் பாங்க் ஆஃப் பெர்ஷியா (பெர்ஷியா, பாரசீகம் எல்லாம் ஈரான்தான்). மூலதனம் 10 லட்சம் பவுண்டு, விக்டோரியா மகாராணியின் அரச சாசனம், 60 ஆண்டு காலம். நாட்டில் நோட்டு அச்சிடும் உரிமை அந்த வங்கிக்கு மட்டும்.

இதற்கு அரசாங்கத்துக்குக் கிடைப்பது நிகர லாபத்தில் 6 சதவீதம். அது எவ்வளவு குறைந்தாலும் ஆண்டுக்கு 4,000 பவுண்டு உறுதி. அதாவது வாரமும் உண்டு, அடியில் ஒரு சின்னக் குத்தகையும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 சதவீதம் 4,000 பவுண்டைத் தாண்ட வேண்டுமென்றால் வங்கி ஆண்டுக்கு 66,667 பவுண்டாவது நிகர லாபம் காட்ட வேண்டும். காட்டாத ஆண்டில் அரசுக்கு வருவது அந்த 4,000 மட்டும்தான். ஒரு நாட்டின் நோட்டு அச்சிடும் உரிமைக்கு இதுதான் விலை.

நான் வங்கியில் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வரவு என்பது நடந்தது. நிகர லாபம் என்பது தீர்மானிப்பது. தலைமை அலுவலகச் செலவில் எவ்வளவை இந்தக் கிளையின் தலையில் போடுவது, வராக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, நாணய மாற்று நட்டத்தை எந்த ஆண்டில் எழுதுவது, சேமநிதிக்கு எவ்வளவு தள்ளுவது என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வங்கிகளுக்கு வெளியே காட்டாத உள் சேமநிதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதற்குச் சட்டத் தடையும் இல்லை. நல்ல ஆண்டில் லாபத்தை அங்கே ஒதுக்கி, கெட்ட ஆண்டில் எடுத்துக்கொள்வார்கள். வங்கியின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் அதே லாபத்தில் சதவீதம் வாங்க வேண்டியவருடைய பங்கும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விடுகிறது.

வங்கி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈரானின் நாணயமான கிரான் வெள்ளியில் இருந்தது. 1890-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தபோது வங்கியின் மூலதனமே கரைந்தது. 10 பவுண்டு பங்கை 6 பவுண்டு 10 ஷில்லிங்காகக் குறைத்து, மூலதனத்தை 6,50,000 பவுண்டாக்க வேண்டிவந்தது. அது உண்மையான நட்டம். ஆனால் அந்த நட்டத்தை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று முடிவெடுத்த இயக்குநர்கள் உட்கார்ந்திருந்தது லண்டனில். அதே வெள்ளிச் சரிவில் தெஹ்ரான் கடைத்தெருவில் கையிலிருந்த காசின் மதிப்பை இழந்தவர்களுக்கு அந்த மேசையில் இடம் இல்லை.

1890-ல் புகையிலைக்கும் ஒரு சலுகை கொடுத்தார்கள். டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு நாட்டின் மொத்தப் புகையிலை வியாபாரமும் போனது. அரசுக்கு ஆண்டுக்கு 15,000 பவுண்டு, அதோடு நிகர லாபத்தில் கால் பங்கு. கால் பங்கு என்றதும் பெரிதாகத் தெரிகிறது அல்லவா? செலவெல்லாம் போய், முதல் போட்டவர்களுக்கு 5 சதவீத ஈவுத்தொகையும் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சுவதில்தான் அந்தக் கால் பங்கு. மக்கள் பொங்கி எழுந்தார்கள். மதத் தலைவர் மிர்சா ஷிராஸியின் பெயரில் தடை வந்ததும் ஊரே ஹுக்காவைத் தொடாமல் இருந்தது. ஷா சலுகையை ரத்து செய்தார். ஆனால் 5 லட்சம் பவுண்டு இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணம் இம்பீரியல் வங்கி வழியாகவே 6 சதவீத வட்டிக் கடனாக வந்தது. அடமானம் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருமானம். ஆண்டுக்கு 30,000 பவுண்டு வட்டி வெளியே போகிறது. வங்கியிடமிருந்து உறுதியாக உள்ளே வருவது 4,000. கடன் வாங்கிக் கொடுத்தவரிடமே போய் "உன் கணக்கைக் காட்டு" என்று எந்த முகத்தோடு கேட்பது?

எண்ணெயில் இதே ஏற்பாடு பல மடங்கு பெரிதாக நடந்தது. 1901-ல் வில்லியம் நாக்ஸ் டார்சிக்குக் கொடுத்த சலுகையில் அரசின் பங்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். அரசு தன் தரப்பில் ஒரு ஆணையரை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. அவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளம். அதைக் கொடுப்பது நிறுவனம்! களத்தில் நிற்கும் நம் ஆளுக்கே வாரத்துக்கு எடுத்தவர் கூலி கொடுத்தால் அவர் யாருக்காக நிற்பார்?

1914-ல், டார்சி சலுகையை நடத்திவந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை பிரிட்டிஷ் அரசே வாங்கியது. உலகப் போருக்குப் பிறகு, ஈரானுக்கு வர வேண்டிய பங்கு பற்றிய தகராறைப் பேச 1920-ல் ஈரான் தரப்பில் போனவர் ஆர்மிடேஜ் ஸ்மித். ஈரானின் நிதி ஆலோசகராக இருந்தாலும் அவர் பிரிட்டிஷ் கருவூலத்து அதிகாரி. அவர் கணக்குப் பார்த்துப் பேசியதிலேயே பழைய பாக்கிக்காக நிறுவனம் 10 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டிவந்தது. எதிர்த்தரப்பு நாட்டுக்காரர் பார்த்தே இவ்வளவு என்றால், சொந்த ஆள் புத்தகத்தைத் திறந்திருந்தால்?

1930-ல் ஈரானுக்கு வந்த எண்ணெய்ப் பங்கு சுமார் 12,88,000 பவுண்டு. 1931-ல் அது ஏறக்குறைய 3,07,000. உலகப் பொருளாதாரம் சரிந்திருந்தது உண்மை. ஆனால் ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போனது ஏன் என்று கேட்டுச் சரிபார்க்க ஈரானிடம் கருவி இல்லை. 1932 நவம்பரில் அப்போதைய மன்னர் ரேஸா ஷா சலுகையை ரத்து செய்தார். விவகாரம் சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) வரை போனது. 1933-ல் வந்த புது ஒப்பந்தத்தில் டன்னுக்கு 4 ஷில்லிங் என்றும், எப்படியும் ஆண்டுக்கு 7,50,000 பவுண்டுக்குக் குறையாது என்றும் ஒத்துக்கொண்டார்கள். வாரத்திலிருந்து ஏறக்குறைய குத்தகைக்கு மாறினார்கள், அவ்வளவுதான். பதிலுக்கு 1961-ல் முடிய வேண்டிய சலுகை 1993 வரை நீண்டது. அதில் கையெழுத்துப் போட்ட நிதியமைச்சர் தகீஸாதே, 1949-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து, தான் வெறும் கருவியாகத்தான் இருந்தேன் என்று சொன்னார்.

நோட்டு உரிமையை மட்டும் முன்பே மீட்டுவிட்டார்கள். 1930-ல் 2 லட்சம் பவுண்டு கொடுத்து வங்கியிடமிருந்து வாங்கி, சொந்த தேசிய வங்கியான பாங்க் மெல்லியிடம் ஒப்படைத்தார்கள். 1896-லேயே சுட்டுக் கொல்லப்பட்ட நாசிருத்தீன் ஷாவின் படம் அதுவரை இம்பீரியல் வங்கி நோட்டில் இருந்தது. தானமாகக் கொடுத்ததையே நாற்பது ஆண்டு கழித்து விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தாலும், இந்தக் கதை முழுவதிலும் ஈரான் செய்த ஆக நல்ல காரியம் இதுதான் என்பேன்.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசினால் இரண்டு பதில் வருகிறது. ஒன்று, "ராஜா விலைபோனார், சதவீதத்தைக் குறைத்து விற்றுவிட்டார்." இன்னொன்று, "கையெழுத்துப் போட்ட பிறகு அழுது என்ன பயன், ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே." இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. 6, 16, 25 என்று சதவீதம் மாறிக்கொண்டே இருந்தது, தகராறு மாறவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், சரி. ஆனால் "நிகர லாபம்" என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருந்தால் இன்னொரு தரப்பு எதற்குத்தான் கையெழுத்துப் போட்டது? கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமையோடு 6 சதவீதம் கிடைத்தால், அது இல்லாத 25 சதவீதத்தைவிட மேல் என்று நான் நம்புகிறேன்.

ஈரானியர்களும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள். 1950-ல் பிரதமர் ரஸ்மாரா எண்ணெய் நிறுவனத்திடம் கேட்டவற்றில் ஒன்று, எங்கள் ஆட்கள் உங்கள் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்பது. நிறுவனம் இணங்கவில்லை. 1951 மார்ச்சில் எண்ணெய் நாட்டுடைமை ஆனது. 60 ஆண்டுச் சலுகை 1949-லேயே முடிந்திருந்த அந்த வங்கியும் 1952-ல் ஈரானில் கடையை மூடியது.