சுவர்ணபூமியிலிருந்து நகருக்குள்: ஒரு திருத்தம்
பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்) பேசி டாக்ஸி பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நண்பர் ஒருவர் சொல்வது சரியன்று. மூன்று நாள் பயணத்துக்குக் காசை எண்ணி எடுத்துச் செல்பவர்களை அது வீண் செலவில் தள்ளிவிடும். நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே புறப்படும் ரயில், ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 45 பாட்டுக்கு நகருக்குள் இருக்கும் பயா தாய் ரயில் நிலையம் வரை கொண்டு சேர்க்கிறது. இயந்திரத்தில் பணம் போட்டால் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் வந்து விழும், அதைத் தொலைக்காமல் இறங்குமிடம் வரை வைத்திருக்க வேண்டும். பயா தாயில் மேம்பால ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

நள்ளிரவுக்குப் பின் ரயில் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அப்போதும் பேரம் தேவையில்லை. விமான நிலையத்தின் முதல் தளத்து டாக்ஸி இயந்திரம் தரும் சீட்டில் உங்கள் டாக்ஸி நிற்கும் தடத்தின் எண் அச்சாகியிருக்கும். மீட்டர் தொகையுடன் விமான நிலையக் கூடுதல் கட்டணமும், விரைவுச்சாலையில் சென்றால் சுங்கமும் தந்தால் போதும். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். புகார் செய்ய நேர்ந்தால் அதுதான் ஆதாரம்.