கோடு போட்ட ஏழு

பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 வந்தால் போதும், நம்ம டைம்லைனில் இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒரு கோஷ்டி, புதுச்சேரி கடற்கரைச் சாலை போர் நினைவிடத்தில் நிற்கும் வயசானவர்களின் மெடல்களைப் படம் பிடித்துப் போட்டு 'வீர வணக்கம்' சொல்லும். இன்னொன்று, 'வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கிவிட்டு யூரோவில் பென்ஷன் வாங்கித் தின்கிற கூட்டம்' என்று எழுதும். இந்த வருஷமும் இரண்டையும் படித்தேன். இவர்களில் ஒருத்தராவது ஒரு சொல்தா வீட்டில் உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

நான் சாப்பிட்டிருக்கிறேன். என் தாத்தாவின் தம்பி சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். புதுச்சேரி பக்கம் எங்கள் ஊர் பாகூர். ஏரி நிறைந்தாலும் எங்கள் ஒன்றரைக் காணி நிலம் இரண்டு அண்ணன் தம்பிக்குச் சோறு போடாது. அதனால் 1952-ல், பதினெட்டு வயசில், சின்னத் தாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். முதலில் வியட்நாமில் சைகோன். பிறகு அல்ஜீரியா. கடைசியில் பிரான்சில் ஃப்ரெழுஸ் முகாம். பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து 1967-ல் ஊர் திரும்பினார்.

அண்ணன் நேர் எதிர். என் தாத்தா, புதுச்சேரி இந்தியாவோடு சேர வேண்டும் என்ற இணைப்புக் கட்சி. கீழூரில் 1954 அக்டோபர் 18-ம் தேதி 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று சொன்னார்கள் இல்லையா, அந்தச் சேதி வந்த அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தவர். நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. அதே 1954 நவம்பர் 1-ல்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான முதல் தாக்குதல்கள் நடந்தன. தன் சொந்த ஊரை பிரான்ஸ் கைவிட்ட நாளில் தொடங்கிய சண்டையில், பிரான்சின் பிடியை விடாமல் காக்கத் தம்பி போய் நின்றார். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் வாங்கியது. ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி பிரெஞ்சுக் குடிமகன். இரண்டு பேரும் பங்கு பிரிக்காத ஒரே வீட்டில்தான் கடைசிவரை இருந்தார்கள்.

இப்போது 'ரத்தப் பணம்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இணைப்புக்காக ஊர்வலம் போன என் தாத்தாவின் கிணற்றுக்கு மோட்டார் வாங்கியது அல்ஜீரியாவில் சம்பாதித்த பணம். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்றுத்தான் என் அப்பா படித்தார், அப்புறம் நான் படித்தேன். திட்டுவதென்றால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

'வீரம்' கோஷ்டிக்கும் சொல்ல இருக்கிறது. சின்னத் தாத்தா தன் சண்டையைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொன்னார், அதுவும் மனைவியிடம், எங்கள் சின்ன ஆயாவிடம் மட்டும். அல்ஜீரியாவில் ஏதோ ஒரு கிராமம். ரோந்து போகையில் ஒரு கிழவர் இவருக்கு மட்டும் காபி கொடுத்தாராம். 'நீ எங்க ஆள் மாதிரி இருக்கே, இவங்களோட எதுக்கு வந்தே?' என்று கேட்டாராம். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தும் பதில் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் கதை. அந்தச் சண்டையைப் 'போர்' என்றே பிரான்ஸ் ரொம்ப நாள் ஒப்புக்கொள்ளவில்லை. 1999-ல்தான் சட்டம் போட்டு அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. சேதியைக் கேட்டுவிட்டு, "ஓ, அப்ப நான் போனது சண்டைக்குத்தானா" என்று சிரித்தார்.

ஊருக்கு அவர் சொல்தா வாத்தியார். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் 23 வருஷம் பிரெஞ்சு எடுத்தார், ஆள் இல்லாதபோது பூகோளமும். பிரம்பு எடுக்க மாட்டார். தப்பு செய்தால் ஒரு வினைச்சொல்லை எல்லாக் காலத்திலும் நூறு தடவை எழுத வேண்டும். எழுபதை நெருங்கும் என் அப்பாவைத் தூக்கத்தில் எழுப்பினாலும் 'ழெ சுய்ய், த்யூ எ' (நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்) என்று ஆரம்பித்துவிடுவார். பூகோளத்தில் ஆப்பிரிக்கா வந்தபோது ஒரு பையன் கேட்டானாம்: "சார், நீங்க அல்ஜீரியா போயிருக்கீங்களாமே?" வாத்தியார் குச்சியை அவன் கையில் கொடுத்து, "அட்லஸ் மலை எங்க இருக்கு, காட்டு" என்றார். அவனும் காட்டினான்.

சின்ன ஆயாவைப் பற்றி எந்தக் கோஷ்டியும் பேசாது. 1956-ல் கல்யாணம். அடுத்த பதினொரு வருஷத்தில் புருஷன் லீவில் வந்தது மூன்று தடவை. "மூணு லீவு, மூணு புள்ள" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மணியார்டர் பணத்தை எண்ணிப் பார்த்துச் செலவு செய்ததும், மாமியார் படுக்கையில் கிடந்த நாலு வருஷம் பார்த்துக்கொண்டதும், நடவு நாட்களில் வரப்பில் நின்று ஆள் அழைத்ததும் அவர்தான். சின்னத் தாத்தா போன பிறகு பாதி பென்ஷன் அவருக்கு வந்தது. உயிரோடு இருப்பதற்கு வருஷா வருஷம் சான்று காட்ட வேண்டும். அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, "நான் இன்னும் சாவலன்னு காட்டிட்டு வரேன்" என்று கிளம்புவார். பிள்ளைகள் மூன்று பேரும் பாரீஸ் பக்கம். பேரப்பிள்ளைகள் வீடியோ காலில் 'ஆயா' என்ற ஒரு வார்த்தைதான் தமிழில் சொல்லும். அவர்களுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காகக் கல்யாணத் தரகர்கள் அந்த வீட்டுத் திண்ணையைத் தேய்த்தது தனிக் கதை. அதை எழுதினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

போன மாதம் பாகூர் போனபோது ஒரு உரக்கடையில் நுண்ணூட்டம் வாங்கினேன். 770 ரூபாய். கடைக்காரர் கையால் பில் எழுதினார், முப்பது வயசுகூட இருக்காது. இரண்டு ஏழுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், ஒன்றும் ஏழும் குழம்பாமல் இருக்க. சின்னத் தாத்தா போர்டில் போடுவது அதே கோடுதான்.

"ஏன் தம்பி ஏழுக்குக் கோடு போடுற?" என்று கேட்டேன்.

"எங்கப்பா இப்படித்தான் சார் எழுதுவாரு" என்றார். "தப்பா இருக்கா?"

இல்லை என்றேன். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.